குப்பம்மாள் பூக்கட்டிப் பார்த்த கதை

பாலசமுத்திரத்தில் குப்பம்மாளைப் பற்றி யாரிடம் கேட்டாலும், நல்ல மனுஷி, ஆனால் அவள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பார்கள். எந்தப் பாதியைத் தள்ளுவது என்பதில்தான் ஊர் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

இருபத்தெட்டு வருஷம் அங்கன்வாடியில் உதவியாளராக இருந்தவள். ஒரு தடவை சொட்டு மருந்து போட வந்த நர்சம்மா மதியம் வரைக்கும் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குப்பம்மாள் மெல்லத் தெருவுக்குள் போனாள். "மருந்து இருபது பிள்ளைக்குத்தான் இருக்காம், மத்தவங்களுக்கு அடுத்த வருசந்தானாம். யார்ட்டயும் சொல்லிராதீங்க" என்று இரண்டே இரண்டு பேரிடம் சொன்னாள். அரை மணி நேரத்தில் அங்கன்வாடி வாசலில் தள்ளுமுள்ளு. நர்சம்மாவின் மூக்குக் கண்ணாடி உடைந்தது ஒன்றுதான் சேதாரம்.

"ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம்னா, பிள்ளை காலு நல்லாருக்க ஒரு பொய் சொல்லக் கூடாதா?" என்பது அவள் கட்சி. அந்தக் கட்சியில் அவள் ஒருத்திதான் தலைவி, தொண்டர், எல்லாம். இதுவரை தோற்றதில்லை என்பதால் கட்சியைக் கலைக்கவும் காரணம் ஏற்படவில்லை.

ஓய்வு பெற்ற மறு மாசமே அவளைத் தேடி மலையிலிருந்து ஒரு வேலை இறங்கி வந்தது. கொடைக்கானலில் ஏரிக்கு மேலே, இரண்டு ஓட்டல்களுக்கு நடுவில் மாடியறை ஒன்றில் மனநல ஆராய்ச்சி நடத்துகிற நிறுவனம். அங்கே ஜெயப்பிரியா என்று ஒரு மனநல நிபுணர். முப்பத்து மூன்று வயசு, டாக்டர் பட்டம், யார் தும்மினாலும் தேதி போட்டு எழுதி வைக்கிற பழக்கம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, நாலு வயசாகியும் பேச்சு வராத, நாள் முழுக்கப் பொம்மை வண்டிச் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருக்கிற பிள்ளைகளைப் பற்றித்தான் அவருடைய ஆராய்ச்சி. ஆட்டிசம் உள்ள இந்தப் பிள்ளைகளோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று தாய்மாருக்கு வாரா வாரம் வகுப்பு எடுத்தால் பிள்ளைகளிடம் மாற்றம் வருமா என்று அவர் பார்க்க வேண்டும். மலையடிவாரத்துத் தெருக்களில் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை என்று தெரிந்த ஆள் வேண்டும். குப்பம்மாளை விட்டால் வேறு யார்? கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக் 'கள உதவியாளர்' ஆனாள். அந்த நிறுவனத்து அட்டைப் போட்டோக்களில் அவள் மட்டும்தான் சிரித்துக்கொண்டிருப்பாள்.

ஒரு மாசத்தில் நாற்பத்தெட்டுத் தாய்மாரைக் கொண்டுவந்து சேர்த்தாள். வில்லங்கம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. பாதிப் பேருக்கு வகுப்பு உடனே தொடங்கும், மீதிப் பேருக்கு ஆறு மாசம் கழித்து. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு, ஒட்டிய கவர்களுக்குள் வைத்திருந்தது. டாக்டருக்கே தெரியாது. இரண்டு கூட்டத்துப் பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான், வகுப்பால் வந்த மாற்றம் எது, பிள்ளை வளர வளரத் தானாக வந்த மாற்றம் எது என்று தெரியும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் சம்மதப் படிவத்தில் இருந்த வாசகம் இது: "சமவாய்ப்பு முறையில் ஏதேனும் ஒரு குழுவில் ஒதுக்கீடு செய்யப்படுவேன் என்பதை அறிந்து சம்மதிக்கிறேன்."

சமுதாயக்கூடத்தில் டாக்டர் இதை மூன்று தடவை விளக்கினார். தாய்மார் மூன்று தடவையும் தலையாட்டினார்கள். கையெழுத்து மட்டும் யாரும் போடவில்லை. டாக்டர் தண்ணீர் குடிக்க வெளியே போன நேரம் பார்த்துக் குப்பம்மாள் எழுந்தாள்.

"இதுல என்னா இருக்கு? நம்ம பூக்கட்டிப் பாக்குறதில்லையா, அதேதான்."

அந்தப் பக்கத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் சாமி காலடியில் போட்டு ஒன்றைச் சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, பெண்ணைக் கொடுக்கலாம், கிணறு வெட்டலாம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட வேண்டும்.

டாக்டர் திரும்பி வருவதற்குள் நாற்பத்தெட்டுக் கையெழுத்தும் விழுந்திருந்தது.

மறு புதன்கிழமை கவர் பிரிக்கும் நாள். தாய்மார் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார்கள். தலைக்குக் குளித்த ஈரத்தோடு நாலைந்து பேர். கவரை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருத்தி கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்டுத் திரும்பி நின்று பிரித்தாள். டாக்டர் நெகிழ்ந்துபோனார்.

"ரிசர்ச்சுக்கு இவ்வளவு மரியாதையை நான் சென்னையில கூடப் பார்த்ததில்லக்கா!"

குப்பம்மாள் கொட்டாவி வந்ததுபோல வாயை மூடிக்கொண்டாள்.

வகுப்புகள் அமோகமாக நடந்தன. முதல் கூட்டத்தில் ஒருத்திகூட ஒரு நாளும் தவறவில்லை. இரண்டு பேர் விரதமே இருந்தார்கள். டாக்டர் மலையில் உட்கார்ந்து அட்டவணை போட்டு மகிழ்ந்தார். நாலாம் மாசம் இரண்டு கூட்டத்துப் பிள்ளைகளையும் வரவழைத்துப் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும். அப்போதுதான் இடி விழுந்தது. காத்திருக்கச் சொன்ன இருபத்துநாலு பேரில் பதினொரு பேர் எட்டியே பார்க்கவில்லை.

குப்பம்மாளைக் கொடைக்கானலுக்குக் கூப்பிட்டுவிட்டார் டாக்டர். கொண்டை ஊசி வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே பஸ்ஸில் ஏறி வந்தவளுக்கு, டீயைக் கொடுத்துவிட்டுத் தாளை நீட்டினார்.

"இத்தனை பேர் டிராப் ஆனா ஸ்டடியே செல்லாதுக்கா. ரெண்டு வாரத்துல இவங்க வரலைன்னா, செகண்ட் குரூப்புக்கு வகுப்பு நடத்த மேல இருந்து அனுமதி வராது. மாறாம வந்துட்டிருக்கிற பதிமூணு பிள்ளைங்களுக்கும் சேர்த்துப் போயிடும். ஏன் வரலைன்னு மட்டும் கேட்டுட்டு வாங்க."

முதல் வேலையாக ஆயக்குடிக்குப் போனாள். கொய்யா வியாபாரி கந்தவேல் வீடு. அவருடைய மருமகள் சௌம்யாவும், பேரன் அஜய்யும் அந்தப் பதினொன்றில் உண்டு. சௌம்யாவின் புருஷன் திருப்பூரில் வேலை. குப்பம்மாள் போனபோது அஜய் கொய்யாப் பழங்களைப் பெரிசிலிருந்து சிறிசாகத் தரையில் அடுக்கிக்கொண்டிருந்தான். சௌம்யா ஒரு தட்டில் இட்லியை அவன் முன்னால் வைத்துவிட்டு ஒரு சொல் பேசாமல் திரும்பி வந்தாள். பழைய சௌம்யா வாய் ஓயாதவள். பிள்ளை பதில் சொல்லாவிட்டாலும் ராசா, தங்கம் என்று கொஞ்சிக்கொண்டே இருப்பாள்.

"ஏன் சௌமி, செக்கப்புக்கு வரல?"

"எங்களுக்குத்தான் செவப்பு விழுந்துருச்சே பெரிம்மா. சாமியே வேண்டாம்னுருச்சு. அப்புறம் அங்க வந்து என்னா சோலி?"

குப்பம்மாளுக்கு மற்ற பத்து வீட்டிலும் இதே பதில்தான் என்று கேட்காமலே தெரிந்துவிட்டது. ஆறு மாசம் பொறு என்று எழுதியிருந்த தாளை, அந்தப் பதினொரு பேரும் சிவப்புப் பூவாகவே வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். கட்சி முதல் தடவையாகத் தோற்றிருந்தது.

நியாயமான ஆளாக இருந்தால் அங்கேயே உண்மையைச் சொல்லியிருப்பார். நம் ஆள் அப்படியா? பொய்யால் விழுந்த ஓட்டையைப் பொய்யாலேயே அடைக்கப் பார்த்தாள்.

"ஒரு மண்டலம் கழிஞ்சா மறுபடி கேக்கலாம்ல? நாப்பத்தெட்டு நாள் எப்பவோ போயிருச்சே. வெள்ளிக்கெழம வெள்ளனே உங்க தோட்டத்துக் கன்னிமார் கோயில்லயே கேட்டுருவோம். பொட்டலம் நான் கட்டியாரேன்."

கந்தவேல் யோசித்துவிட்டுச் சரி என்றார். குப்பம்மாள் வீட்டுக்குப் போய் இரண்டு பொட்டலம் கட்டினாள். இரண்டிலும் வெள்ளை அரளி. கட்டும்போது பாட்டுக்கூடப் பாடினாளாம். அடுத்த பத்து வீட்டுக்கும் சேர்த்து இன்னும் இருபது பூ வேண்டுமே என்று கணக்குப் போட்டுச் செடியில் மொட்டையும் எண்ணி வைத்தாள்.

ஆனால் கந்தவேல் யார் என்பதை அவள் மறந்துவிட்டாள். மேல் வரிசையில் பளபளவென்று அடுக்கி, அடியில் சொத்தையைத் தள்ளிவிடுகிற ஆட்களோடு நாற்பது வருஷம் மல்லுக்கட்டியவர். கூடையை அடிவரை கவிழ்த்துப் பார்க்காமல் ஒரு பழம் வாங்கியவர் இல்லை.

வெள்ளிக்கிழமை கன்னிமாராக நட்டிருந்த ஏழு கல்லுக்கும் மஞ்சள் தடவி, பொட்டலங்களைப் போட்டாயிற்று. அஜய்யை எடுக்கச் சொன்னார்கள். அவன் ஓர் எறும்பைப் பார்த்தான். கூப்பிட்டார்கள். இன்னோர் எறும்பைப் பார்த்தான். கடைசியில் தானாகவே எழுந்து வந்து இரண்டு பொட்டலத்தையும் எடுத்து, கல்லின் மேல் அருகருகே ஒட்டினாற்போல் வரிசையாக வைத்தான். நேராக இருக்கிறதா என்று குனிந்து வேறு பார்த்துக்கொண்டான்.

"மொதல்ல தொட்டது இதுதான்!" என்று குப்பம்மாள் பாய்ந்து ஒன்றைப் பிரித்தாள். வெள்ளை. சௌம்யாவின் முகம் அப்படியே மலர்ந்தது. குப்பம்மாள் குலவை போட வாயைக் குவித்தாள்.

கந்தவேல் மற்றதைப் பிரித்தார்.

அதிலும் வெள்ளை அரளிதான்.

"என்னா குப்பம்மா இது? சாமிகிட்டயே உன் வேலையக் காட்றியா?"

குப்பம்மாளிடம் பதிலுக்குப் பஞ்சமில்லை. அவசரத்தில் பூ மாறிவிட்டது என்று சொல்லலாம். கன்னிமாரே மனசிரங்கி நிறத்தை மாற்றிவிட்டார்கள் என்றுகூடச் சொல்லலாம், அதை நம்பவும் ஆயக்குடியில் ஆள் உண்டு. வாயைத் திறந்தவள் சௌம்யாவைப் பார்த்தாள். இப்போதுதான் மலர்ந்த முகம் வாடிப்போய்க் கிடந்தது. அதைப் பார்த்தபின் பொய் வரவில்லை. அறுபத்தோரு வயசில் முதல் தடவையாக அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

"இது நான் பண்ணுன களவாணித்தனம்ண்ணே. அது மட்டுமில்ல. அன்னைக்குக் கவர் பிரிச்சீங்களே, அதுவும் சாமி சொன்னதில்ல. கம்ப்யூட்டரு குலுக்கிப் போட்டது. அதுக்கு உங்க வீட்டையும் தெரியாது, பிள்ளை பேரும் தெரியாது. டாக்டரம்மா சொன்னது யாருக்கும் வெளங்கலன்னு நாந்தான் பூ, கீன்னு வாய்க்கு வந்தத அளந்துவிட்டேன். இப்பவா, பொறவான்னு மட்டுந்தான் அந்தக் கவர்ல இருந்துச்சு. வேணுமா வேண்டாமான்னு யாரும் கேக்கவே இல்ல."

கந்தவேல் வேட்டியை மடித்துக் கட்டினார். திட்டுவதற்குத் தயாராகிறார் என்று அர்த்தம். அதற்குள் சௌம்யா முன்னால் வந்தாள்.

"அப்ப, என் பிள்ளைய வேண்டாம்னு யாரும் சொல்லலையா பெரிம்மா?"

"யாரும் சொல்லல தாயி. சத்தியமா யாரும் சொல்லல."

"நாலு மாசமா நான் இவங்கூடப் பேசுறதையே விட்டுட்டேன். சாமியே கைவிட்ட பிள்ளைகிட்டப் பேசி என்னா ஆகப்போகுதுன்னு…" அதற்குமேல் சொல்ல முடியாமல் சௌம்யா குப்பம்மாளின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அப்புறம் இன்னொன்று. குப்பம்மாள் விலகவில்லை. அடித்தவளும் அழுதாள், அடி வாங்கியவளும் அழுதாள். கந்தவேல் திட்ட வந்ததை மறந்துவிட்டு மடித்த வேட்டியை இறக்கிவிட்டார்.

மற்ற பத்து வீட்டுக்கும் குப்பம்மாள் வெறுங்கையோடுதான் போனாள். மூன்று வீட்டில் வசவு, ஒரு வீட்டில் வாசலோடு சரி. டாக்டரிடமும் போனில் சொன்னாள். அந்தப் பக்கமிருந்து, "முதல் குரூப்ல எல்லாரும் தவறாம வந்ததும் இதனாலதானா?" என்று ஒரு கேள்வி வந்தது. ஆமாம் என்றாள். நடந்ததை அப்படியே மேலிடத்துக்கு எழுதப் போவதாகவும், வேலை இருக்குமா போகுமா என்று தெரியாது என்றும் டாக்டர் சொன்னார். அடுத்த புதன்கிழமை மட்டும் கட்டாயம் வரச் சொன்னார்.

அன்றைக்குப் பதினொன்றில் பத்துப் பேர் வந்திருந்தார்கள். டாக்டர் ஒவ்வொரு தாயிடமும் கேள்வி கேட்க, குப்பம்மாள் பதிலை எழுத வேண்டும். சௌம்யாவின் முறை வந்தது.

"பிள்ளையோட ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பேசுறீங்க?"

"நாலு மாசமாப் பேசல மேடம். போன வெள்ளிக்கெழமையில இருந்து வாய மூடல."

நாலு மாசம் பேசவில்லை என்றால் ஏன் என்று எழுதுவதற்குப் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. டாக்டர் அடுத்த கேள்விக்குப் போகாமல் காத்திருந்தார். அவருக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும் என்பதை அறியாத சௌம்யா, குப்பம்மாளைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், "ஒடம்புக்குச் சொகமில்லன்னு போடுங்க பெரிம்மா" என்று மெதுவாகச் சொன்னாள். தாளிலாவது தப்பிக்க இதைவிட நல்ல வழி கிடைக்காது. குப்பம்மாள் பேனாவை அழுத்திப் பிடித்துக் குண்டு குண்டாக எழுதினாள்: 'குப்பம்மாள் சொன்ன பொய்.'

டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"படிவத்துல யார் பேரும் எழுதக் கூடாதுக்கா. நம்பர்தான் போடணும். ரூல்."

"இந்த ஒரு எடத்துல மட்டும் பேரு இருக்கட்டும் டாக்டரம்மா" என்றாள் குப்பம்மாள்.