சுவரில் போட்ட பென்சில் கோடு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். கோலார் தங்கவயலில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன் பிறகு கையில் பிடித்ததெல்லாம் பெயிண்ட் பிரஷ்தான். என்னோடு வேலை செய்கிற இரண்டு பேர் இப்போது வீடு தேடுகிறார்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று என்னைக் கேட்கிறார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால் நான் வீடு வாங்கிய கதையை எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

விவேக் நகரில் பதினாறு வருடம் லீசு வீட்டில் இருந்தோம். அதைக் காலி செய்யச் சொன்னபோது, இனிமேல் போனால் சொந்த வீட்டுக்குத்தான் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். அல்சூர் பக்கம் ஒரு சந்தில் சின்ன வீடு இருப்பதாகப் புரோக்கர் சொன்னார். உள்ளே போவதற்கு முன் நான் மட்டும் ஒரு காலையில் போய் எதிர் டீக்கடையில் நின்றேன். அக்கம்பக்கத்தில் விசாரிக்கத்தான் போனேன். மூன்று டீ குடித்தும் கூச்சத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கடைக்காரர் என்னைக் கரண்ட் ஆபீஸ் ஆள் என்று நினைத்துத் தன் பில்லைப் பற்றிப் புகார் சொன்னார். நானும் தலையாட்டினேன். ஆனாலும் போனது வீண் இல்லை. ஏழு மணிக்குக் காவேரித் தண்ணீர் வந்ததையும், வாசலில் இருந்த குடங்கள் அரை மணியில் நிறைந்ததையும் கண்ணால் பார்த்தேன். கேட்கத் தெரியாதவர்கள் நின்று பார்த்தாலே போதும்.

பத்திரம், வில்லங்கம், கத்தா என்கிற வீட்டுவரிப் பதிவு எல்லாவற்றையும் மனைவிதான் வக்கீலிடம் கொண்டுபோனாள். அவளுக்குக் கன்னடம் படிக்கத் தெரியும். உங்களுக்குத் தெரியாது என்றால் தெரிந்தவரை உட்கார வைத்து ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். இதில் வெட்கப்படக் கூடாது.

பேப்பர் சரியாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அட்வான்ஸைப் பையில் வைத்துக்கொண்டு இருவரும் வீட்டைப் பார்க்கப் போனோம். வீட்டுக்கார அம்மா மைசூரில் இருக்கிற மகளோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். சமையலறை ஜன்னலைப் பார்த்ததுமே என் மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. புரோக்கர் எங்களைப் பின் அறைக்குக் கூட்டிப்போனார்.

"சொவத்தப் பாருங்க சார். கண்ணாடி மாதிரி இருக்கு."

"ஆமா, யாரு அடிச்சாங்களோ, கை சுத்தமான ஆளு" என்றாள் மனைவி.

எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். ஏனென்றால் அந்த ஆள் நான்தான். சுவிட்சுக்குக் கீழே பச்சை கொஞ்சம் மாறியிருந்தது. கலர் போதாமல் போனதால் நானே கலந்து அடித்த இடம் அது. மூன்று வருடத்துக்கு முன் மேஸ்திரியோடு வந்து இந்த ஓர் அறையை மட்டும் அடித்திருக்கிறேன். இப்போது முன்பக்கம் கேட்டையெல்லாம் மாற்றியிருந்ததால் வீடு அடையாளம் தெரியவில்லை. அடுத்த நிமிடமே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அன்று இந்தச் சுவரில் ஈரம் இருந்தது. மேஸ்திரி சொன்னபடி பட்டி பூசி அதை மறைத்ததும் நான்தான். சொன்னால் இந்த வீடு கை நழுவிவிடும். சொல்லாவிட்டால் நான் மறைத்ததை நானே வாங்க வேண்டும்.

"இது நான் அடிச்சது. உள்ள ஈரம் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அந்த வீட்டில் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

புரோக்கர் தலையில் கை வைத்துக்கொண்டார். "வாங்க வந்தவரே இப்படிச் சொன்னா நான் என்னா சார் பண்றது?"

மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னும் எத்தனை வீட்டுல இந்த மாதிரி மூடி வெச்சிருக்கீங்க?"

வீட்டுக்கார அம்மா மட்டும் கோபப்படவில்லை. "ஏம்ப்பா, அப்பவே என்கிட்ட சொல்லி இருக்கலாம் இல்ல?"

"மேஸ்திரி சொல்லிடுவாருன்னு நெனச்சேம்மா."

சாவியால் சுரண்டினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் தெரிந்தது. மாடிக்குப் போனால், அந்த மூலையில் தண்ணீர் போகிற ஓட்டையில் பழைய சிமெண்ட் அடைத்திருந்தது. டேங்கு வழிந்த தண்ணீர் அங்கேயே தேங்கியிருந்தது. அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டு அன்றே கம்பியால் குத்தி அடைப்பை எடுத்தேன். மறுநாள் போய் அந்த மூலையில் இருந்த விரிசலையும் அடைத்தேன். பிறகு பின் அறைச் சுவரில் ஈரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டேன். நல்ல மழை பெய்தும் ஈரம் கோட்டைத் தாண்டாவிட்டால் வாங்கிக்கொள்கிறோம் என்றேன்.

"பத்து நாள் வெயிட் பண்றேன். அதுக்கு மேல ஆகாது. வேற ஆளும் கேக்கறாங்க" என்றார் அந்த அம்மா.

அது மே மாதம். வெளிச்சுவர் வேலை நடக்கிற காலம். கூட வேலை செய்கிறவர்கள் மழை வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்க, நான் ஒருவன் சாரத்தில் நின்றபடி மேகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் சாயங்காலம் கொட்டித் தீர்த்தது. அன்று அடித்த பெயிண்ட் எல்லாம் கரைந்து ஓடியது. எல்லோரும் திட்டினார்கள். நான் சிரித்ததைப் பார்த்து எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள்.

மறுநாள் காலையில் மனைவியோடு ஆட்டோவில் போனேன். புரோக்கர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். நாங்கள் நான்கு பேரும் சுவரோரம் குனிந்து நின்றோம். ஈரம் கோட்டைத் தாண்டவில்லை. கோட்டுக்கு உள்ளேயே இரண்டு விரல் அளவு சுருங்கியிருந்தது. மனைவி கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். பிறகு பையைத் திறந்து, அட்வான்ஸை அந்த அம்மா கையில் கொடுத்தாள்.

"உங்க ஊட்டுக்காரர எனக்கு பார்ட்னரா அனுப்பிடாதீங்கம்மா. ஒரு வீடுகூட விக்காது" என்றார் புரோக்கர்.

எங்கள் கட்டில் இப்போது அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது.

9 பிப்ரவரி 2025, ஞாயிற்றுக்கிழமை