ஸ்டார்ட் பட்டன் கேட்ட இரண்டாம் ரிமோட்

பழைய டிவி கேம் ரிமோட்டுக்கும் கேசட்டுக்கும் எல்இடி விளக்கு வைத்துக் கொடுப்பதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்பவர்கள், ஒருநாள் வந்து என் மேசையில் உட்கார்ந்து பார்க்கட்டும். வாடிக்கையாளர் முன்னால் வாயைக் கட்டிக்கொண்டு பிழைக்கும் சக தொழிலாளர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மூலை மேசை

மில் வாசலில் இரண்டு தலைமுறை முதலாளிகளைத் தூங்கவிடாதவன் நான். படித்ததெல்லாம் துண்டறிக்கை. சால்டரிங் கற்றதும் தொழிற்சங்கத்தில்தான். கூட்டத்துக்கு நடுவே மைக் வயர் அறுந்தால் ஒட்ட ஆள் வேண்டுமே. பிறகு மில்லை மூடினார்கள். என்னோடு கோஷம் போட்டவர்கள் ஆளுக்கொரு கட்சியில் ஒட்டிக்கொண்டு கார் வாங்கினார்கள். எனக்குக் கிடைத்தது, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அக்கா மகன் நடத்தும் செல்போன் கடையில் ஒரு மூலை மேசை.

அதுவும் போனால் வீட்டில் டிவி விவாதம் பார்த்தே செத்துப்போவேன். அது தெரிந்துதான் மருமகன் நிபந்தனை போட்டான்: "மாமா, ஒரு கஸ்டமர் உங்களால மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு வெளிய போனாலும், இந்த மேசையில ஸ்பீக்கர அடுக்கிருவேன்."

கட்சியில்லாத கலர்

வடமதுரையிலிருந்து ஒருவர் கறுப்புக் கேசட் கொண்டுவந்தார். செருகியதும் மெஷினிலிருந்தே கரண்ட் எடுத்து உள்ளே விளக்கு எரிய வேண்டும். நடுவில் ரெசிஸ்டர் வைக்க மறந்தால் எல்இடி புசுக்கென்று போய்விடும், நான் மறக்கவில்லை. என்ன கலர் என்று அவர் சொல்லவில்லை. என்னிடம் விட்டால் என்ன வைப்பேன்? சிவப்புதான். எரியவிட்டுக் காட்டியதும் மனிதர் பதறிப்போனார். கறுப்பும் சிவப்பும் சேர்ந்து எரிந்தால் அப்பா வீட்டுக்குள் விடமாட்டாராம். பச்சை வைத்தேன், மாமனார் வீட்டில் வம்பாகிவிடுமாம். மஞ்சளை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். மருமகன் ஸ்பீக்கர் பெட்டிகளை எண்ண ஆரம்பித்தான். கடைசியில் அவரே வழி சொன்னார்: "வெள்ளையவே போடுங்கண்ணே. அதுக்கு இன்னும் எவனும் கட்சி ஆரம்பிக்கல."

மூத்தவன் உரிமை

பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பி இரண்டு பேர். இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. காலை ஏலம் முடிந்ததும் கடையிலேயே டிவி கேம் ஆடுவார்கள். பட்டன்களுக்கு அடியில் விளக்கு வைக்கச் சொல்லி அண்ணன் ரிமோட் இரண்டையும் கொண்டுவந்தார். முதல் ரிமோட்டில் ஸ்டார்ட் பட்டன் இருந்தது. இரண்டாவதில் இல்லை. ஆட்டத்தைத் தொடங்கவும் நிறுத்தவும் ஒருவனுக்கு மட்டும் அதிகாரம். அவன் ஓடச் சொன்னால் மற்றவன் ஓட வேண்டும். எந்த ஊர் முதலாளி செய்த மெஷினோ, புத்தி மட்டும் ஒன்றுதான்.

முதல் ரிமோட் எப்போதும் யாருக்கு என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இதென்ன கேள்வி? நான்தான மூத்தவன்."

பேச்சுவார்த்தை

விளக்கை வைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். தம்பியின் ரிமோட்டில் ஓட்டை போட்டு, புதுப் பட்டன் பொருத்தி, அண்ணனின் ஸ்டார்ட்டிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தேன். அதற்கு மட்டும் சிவப்பு விளக்கு.

மறுநாளே அண்ணன் வந்துவிட்டார், பின்னால் தம்பி. இவர் ஜெயிக்கப்போகிற நேரம் பார்த்துத் தம்பி ஆட்டத்தை நிறுத்துகிறாராம். இவர் ஓடவிட்டால் மறுபடி நிறுத்துகிறாராம். பட்டனைப் பிடுங்கச் சொன்னார். மருமகனும் அதையே சொன்னான். கொடுத்த உரிமையைத் திரும்பப் பிடுங்கிய சரித்திரம் எனக்குக் கிடையாது என்றேன். அவன் போய் ஒரு ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கி வந்தான். நான் சால்டரிங் அயர்னின் பிளக்கைப் பிடுங்கி வேலைநிறுத்தம் அறிவித்தேன்.

தம்பி முன்னால் வந்து, பட்டனை எடுக்கத் தனக்குச் சம்மதம் என்றார். மில் வாசலிலும் இப்படித்தான் ஒவ்வொருவனாக முதலாளி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்கு உள்ளே போனான். ஆனால் தம்பி முடிக்கவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினார். "எடுத்துரட்டும்ணே. நாளையில இருந்து ஒண்ணாம் ரிமோட்டு எனக்கு, ரெண்டாவது ஒனக்கு."

அண்ணன் மேசையிலிருந்த இரண்டு ரிமோட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பைக்குள் போட்டுக்கொண்டு, பெட்டியோடு நின்ற மருமகனிடம் சொன்னார்: "பெரியவரு வேலையில குத்தம் ஒண்ணும் இல்லப்பா. பட்டன் பாட்டுக்கு இருக்கட்டும்."

ஆயுசெல்லாம் கோரிக்கை வைத்தவனுக்கு முழுதாகக் கிடைத்த ஒரே வெற்றி ஒரு ரப்பர் பட்டன் அளவுக்கு இருக்கிறது, அதையும் வாங்கிக் கொடுத்தவர் என் கூட்டம் ஒன்றுக்குக்கூட வராத பூ மார்க்கெட் தம்பி.