போகிக்கு அடித்த சுண்ணாம்பு

பிள்ளைகளா, நம் வீட்டு வாசலில் பதித்திருக்கும் சலவைக்கல்லைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறீர்கள். பெயர்பெற்ற இசையமைப்பாளர் ஒருவர் சிறுவயதில் வாழ்ந்த வீடு இது என்று வங்காள மொழியில் எழுதியிருக்கிறது. அந்தக் கல் வைத்த நாள் பெரியவளுக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கும். சின்னவன் அப்போது தொட்டிலில் கிடந்தான். நான் பத்தாவதோடு நின்றவன், எழுத்து முன்னே பின்னே இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காளிகாட்டில் நாம் இருக்கும் இந்தக் கீழ் வீட்டில்தான் அவர் வளர்ந்தாராம். அவர் குடும்பம் வீட்டை விற்றுவிட்டுப் பாலிகஞ்ச் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. அவரும் காலமாகிவிட்டார். ஒரு நாள் சாயங்காலம், துர்கா பூஜைக்குப் பந்தல் போடுகிற தெரு கிளப்காரர்கள் மாடியிலிருக்கும் வீட்டுக்காரரோடு வந்தார்கள். அடுத்த ஞாயிறு கல் வைக்கப்போகிறோம், இசையமைப்பாளருடைய தங்கை வருகிறார் என்றார்கள். சின்ன வயதில் அவருடைய அப்பா, நம் முன்னறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைப்பாராம். அந்த இசையமைப்பாளரே ரேடியோவில் சொல்லியிருக்கிறாராம். அந்தக் கோடுகளுக்குக் கண்ணாடி போட்டு, எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியாத பெருமை.

மூன்று வாரம் முன்னால்தான் போகி, இந்த வீட்டில் நமக்கு முதல் போகி. எந்த ஊரில் இருந்தாலும் போகிக்குச் சுண்ணாம்பு அடிக்காமல் எனக்குப் பொங்கல் பொங்காது. கதவுப் பக்கம் ஏதோ மங்கலாகக் கிறுக்கி இருந்தது. அழுக்கு என்று தேங்காய் நாரால் தேய்த்துவிட்டு இரண்டு கை அடித்தவன் நான்தான். தெரிந்தால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிடுவாரே என்ற பயம். பெரியவளுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் இடம் கிடைத்திருந்தது.

உங்கள் அம்மாவிடம் சொன்னேன்.

“நீங்களும் உங்க சுண்ணாம்பும். பென்சில எடுத்து நாலு கோடு இழுத்து விடுங்க, யாருக்குத் தெரியப்போவுது?”

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான்தான் ஞாயிறு காலை நிஜமாகவே பென்சிலை எடுத்துக்கொண்டு சுவரடியில் நின்றேன். அதைப் பார்த்த பெரியவள் ஓடி வந்து சுவரில் முதுகை ஒட்டி, குதிகாலைச் சேர்த்து நின்றுகொண்டாள்.

“என்னையாப்பா அளக்கறீங்க? நான் வளந்துட்டேனா?”

அவள் தலைக்கு மேலே ஒரு கோடு போட்டேன். அதற்குப் பிறகு பொய்க்கோடு போட என் கை வரவில்லை.

பத்து மணிக்குத் தங்கை வந்தார். கைத்தடி ஊன்றிய வயதான அம்மா. வாசலில் மாலை, ஆர்மோனியம், பாட்டு எல்லாம் இருக்க, அவர் நேரே நம் அறைக்குள் வந்து சுவரைப் பார்த்தார். பின்னாலேயே வீட்டுக்காரரும், கண்ணாடிச் சட்டத்தோடு கிளப்காரர்களும். ஒரே ஒரு கோடு. இது யாருடையது என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த வங்காள மொழியில், பெரியம்மா என்கிற மாதிரி மாஷிமா என்று கூப்பிட்டுச் சொன்னேன்: “என் பொண்ணோடது, மாஷிமா. உங்க அண்ணன் கோட்டை நான்தான் சுண்ணாம்பு அடிச்சு அழிச்சிட்டேன். தெரியாம செஞ்சது.”

வீட்டுக்காரர் முகம் கறுத்துவிட்டது. அந்த அம்மா மட்டும் சிரித்தார்.

“நீ எங்கேப்பா அழிச்சே? ஒவ்வொரு பூஜைக்கும் எங்கம்மா சுண்ணாம்பு அடிக்க ஆளை விட்டுடுவாங்க. அப்பா கோபிச்சுக்கிட்டு மறுபடி கோடு போடுவார். வருஷா வருஷம் இந்தச் சுவருக்காகத்தான் இந்த வீட்ல சண்டை.”

பிறகு பெரியவளைக் கூப்பிட்டுச் சுவரில் நிறுத்திப் பார்த்தார். கண்ணாடி வேண்டாம், குழந்தை வளருகிற சுவரை மூடாதீர்கள் என்று கிளப்காரர்களிடம் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் வீட்டுக்காரர் முன்னால் வந்து, “எங்க மெட்ராஸ்காரர் வீட்டை எப்படி வெச்சிருக்கார் பாருங்க, மாஷிமா. வந்த வருஷமே தானே வெள்ளையடிச்சிட்டார்” என்றாரே பார்க்கணும்.

அந்த அம்மாவுக்கும் வீட்டுக்காரருக்கும் நான் நன்றிக்கடன் பட்டவன். அன்று ஓடி வந்து முதுகை ஒட்டி நின்றவளுக்கும்தான்.

இப்போதும் போகிக்குச் சுண்ணாம்பு அடிக்கிறேன். கதவுப் பக்கம் ஒரு முழ அகலம் மட்டும் விட்டுவிடுவேன். பெரியவள் கோடுகளுக்குக் கீழே சின்னவன் கோடுகளும் ஏறிக்கொண்டிருக்கின்றன. அந்த இடம் மட்டும் ஏன் பழுப்பாக இருக்கிறது என்று வருகிறவர்கள் கேட்டால், நீங்கள் இதைச் சொல்லுங்கள்.