அண்ணன் பார்த்து எடுத்த குட்டி

எங்கள் வீட்டில் திருடன் வந்தால் எடுத்துப்போக ஒரு பொருளும் கிடையாது. இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு வேதப்புத்தகம், அண்ணனின் கறுப்புக் கோட்டு. அப்படிப்பட்ட வீட்டுக்குக் காவல்நாய் வேண்டும் என்று அண்ணனுக்கு ஒருநாள் தோன்றியது. காரணம் திருடன் இல்லை. தாசில்தார் வீட்டில் நாய் இருந்தது, அதுதான் காரணம்.

அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. நான் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவன் கோட்டுக்குப் பொருத்தமான பெண் இந்த ஜில்லாவில் பிறக்கவில்லை. எனக்கு மாப்பிள்ளை பார்க்க அவனுக்கு நேரம் வாய்க்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் எங்கள் குடித்தனம் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நாய் வாங்க ராஜபாளையம் போனோம். அங்கே தலைமுறையாக நாய் வளர்க்கிற ஒரு வீடு. தெலுங்கு பேசும் பெரியவர், மரியாதையான மனிதர். மோர் கொடுத்து உட்காரவைத்து, முற்றத்தில் தாயோடு எட்டுக் குட்டிகளை விட்டார். எல்லாம் வெள்ளை. அண்ணனுக்கு நாயைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் ஆபீசில் யாரோ அவனுக்கு ஒரு பரீட்சை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு பித்தளைத் தாம்பாளத்தைக் கேட்டு வாங்கினான். குட்டிகளின் முதுகுப் பக்கம் போய் நின்றுகொண்டு கரண்டியால் ஓங்கித் தட்டினான்.

ஏழு குட்டிகள் நாலு பக்கமும் சிதறி ஓடின. ஒன்று மட்டும் தாயின் வாலைக் கடித்தபடி அப்படியே இருந்தது. உடம்பில் ஒரு மறு கிடையாது, பால் வெள்ளை. மூக்கு ரோஸ் நிறம்.

"இதான்! இதுக்குத்தான் நெஞ்சுரம் இருக்கு," என்றான் அண்ணன்.

பெரியவர் பதறிப்போனார். "வத்து சார், வத்து. அது வேண்டாம். அந்தக் குட்டிய நாங்க யாருக்கும் குடுக்கதில்ல. ஏன்னு கேளுங்க..."

கேட்டால்தானே! அண்ணன் என் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினான். "நல்லத அவிய வச்சுக்கிடப் பாக்காவ," என்று என் காதில் கிசுகிசுத்தான். பெரியவர் மறுபடியும் வாயைத் திறப்பதற்குள் பணத்தை அவர் கையில் திணித்து, குட்டியைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டான். நானும் பின்னால் போனேன். பெரியவர் சொல்ல வந்ததை நின்று கேட்க எனக்காவது புத்தி இருந்திருக்க வேண்டும்.

அண்ணன் அதற்கு ஓர் இங்கிலீஷ் பெயர் வைத்தான். அதை எழுத எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஒரு மாதம் வீட்டில் அந்தப் பெயர்தான் முழங்கியது. காலையில் முழங்கும், ஆபீஸ் விட்டு வந்ததும் முழங்கும். குட்டி திரும்பிக்கூடப் பார்க்காது. கூப்பிட்டவன் எதிரே வந்து நின்றால் வாலை ஆட்டும், மடியில் ஏறும், கோட்டுப் பொத்தானைக் கடிக்கும். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் பிரயோஜனம் இல்லை. தினமும் நாற்பது பிள்ளைகளை மேய்க்கிற எனக்கும் உண்மை உறைக்கவில்லை. பிடிவாதம், கொழுப்பு என்றுதான் நானும் நினைத்தேன். அந்த மடத்தனத்தில் எனக்கும் பங்கு உண்டு.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் சிநேகிதர்கள் மூன்று பேர் காப்பி குடிக்க வந்தார்கள். அண்ணன் தோரணையாகக் கூப்பிட்டான். குட்டி அவனுக்கு முதுகைக் காட்டி, விரித்திருந்த பாயில் மூத்திரம் பெய்தது. வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணன் மானம் கப்பலேறியது.

அவர்கள் போனதும் என்னிடம் சொன்னான். "ஏட்டி, தாலுகா கச்சேரி மைதானத்துல சுபேதார் நாய்க்கு கிளாஸ் ஆரம்பிச்சிருக்காரு. சனிக்கிழமை கூட்டிட்டுப் போ. சொன்னபடி கேட்டுச்சுன்னா இருக்கட்டும். இல்லேன்னா பின்னால கெணறு இருக்கு. கல்லக் கட்டி எறக்கிருவேன்."

வாய்ச்சவடால் என்று நான் நினைக்கவில்லை. முந்தின வருஷம் ஒரு பூனைக்குட்டிக்கு அதைச் செய்தவன் அவன்.

"ஒன் நாய்தான? நீயே கூட்டிட்டுப் போயேன்."

"ஊருக்கு முன்னால இது பின்னால நான் கத்திக்கிட்டு நிக்கவா? நீ டீச்சர்தான."

சனிக்கிழமை காலையில் போனேன். அந்தச் சுபேதாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டாளத்திலிருந்து பென்ஷன் வாங்கி வந்தவர். காக்கி நிக்கர், பூட்ஸ், கழுத்தில் விசில், கக்கத்தில் பிரம்பு. கப்பலேறிச் சண்டைக்குப் போனது வாஸ்தவம். அங்கே கோவேறு கழுதைகளுக்குப் புல் போட்டார் என்று ஊரில் பேச்சு. கழுதைக்குப் புல் போட்ட கை நாய்க்கு வாத்தியார் ஆகிவிட்டது. மைதானத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு எங்களை வரிசையாக நிறுத்தினார். தாசில்தாரும் அவர் நாயும், நாயைப் பிடிக்க ஒரு டவாலி பியூனும் நின்றார்கள். வக்கீல் வீட்டு நாய், டாக்டர் வீட்டு நாய், இன்னும் இரண்டு மூன்று. பெண்பிள்ளை நான் ஒருத்திதான். அண்ணன் தூரத்தில் புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றான். கோட்டு நுனி வெளியே தெரிந்தது.

"நாய்க்குத் தமிழ்ல சொன்னா வெளங்காது," என்று சுபேதார் ஆரம்பித்தார். "இங்கிலீஷ்லதான் சொல்லணும். கம்! சிட்! ஸ்டாண்ட்!"

சத்திரப்பட்டியிலும் வன்னியம்பட்டியிலும் பிறந்த நாய்கள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன.

ஒவ்வொரு நாயின் முன்னாலும் போய் நின்று கத்தினார். அந்தக் குரலுக்குப் பயந்து வக்கீல் வீட்டு நாய் பின்னங்காலுக்கு நடுவில் வாலைச் செருகியது. "பாத்தீங்களா, படிஞ்சிருச்சு!" என்றார். டாக்டர் வீட்டு நாய் படுத்தே விட்டது. அதுவும் அவர் வெற்றிக் கணக்கில் சேர்ந்தது. பயத்தில் என் வகுப்புப் பிள்ளை நனைத்துக்கொண்டால் பாடம் புரிந்துவிட்டது என்று நான் எழுதி வைப்பேனா?

எங்கள் முறை வந்தது. "சிட்!" என்று பிரம்பை உயர்த்தினார். குட்டி பிரம்பைப் பார்த்தது, உட்கார்ந்தது. "சபாஷ்!" என்றார். அடுத்த தடவை பிரம்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே "சிட்!" என்றார். குட்டி அவர் பூட்ஸ் கயிற்றை மோந்து பார்த்தது. பிரம்பை உயர்த்தினார், உட்கார்ந்தது. பிரம்பு இறங்கியது, கயிற்றுக்குப் போனது. அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்கு ஒரு ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் என் வாயைப் பார்க்காமல் கையையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை உண்டு. அதுவும் இப்படித்தான்.

கடைசியாக 'தைரியப் பரீட்சை' என்றார். எல்லா நாய்களையும் கோவில் கோபுரத்தைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார். பின்னால் பத்தடி தள்ளி ஓலைவெடிச் சரம் ஒன்றைப் பற்றவைத்துவிட்டு, எங்கள் பக்கம் வந்து நின்றார்.

அட கர்த்தாவே! அந்தக் காட்சியைச் சொல்லி மாளாது. தாசில்தாரின் நாய் டவாலி பியூனை மைதானம் முழுக்கத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது. வக்கீல் நாய் வக்கீலின் காலுக்குள் புகுந்து அவரை மல்லாத்தியது. டாக்டர் நாயை மறுநாள்தான் கண்டுபிடித்தார்கள் என்று கேள்வி. நானே காதைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தால், என் குட்டி சுபேதாரின் பூட்ஸ் கயிற்றை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. தாம்பாளம், ராஜபாளையத்துப் பெரியவரின் பதற்றம், ஒரு மாதக் கத்தல், எல்லாம்.

சுபேதார் கையைத் தூக்கிக் கூவினார். "இதுதாங்க நாய்! பீரங்கி வெடிச்சாலும் அசையாது! இந்த மைதானத்துல இதுதான் ஃபர்ஸ்ட்!"

புளியமரத்திலிருந்து அண்ணன் ஓடிவந்தான். "நான் பாத்து எடுத்ததுங்க! நானே தேடிப் பாத்து எடுத்தது!" முகம் பூரித்துப்போய்க் கிடந்தது.

தாசில்தார் குட்டியைக் குனிந்து பார்த்தார். "செண்பகத்தோப்புப் பக்கம் பன்னி வேட்டைக்குப் போறோம். இந்த மாதிரி ஒண்ணைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். வளர்ந்ததும் எனக்குக் குடுத்திருமேன்."

"அய்யாவுக்கு இல்லாததா!" என்று அண்ணன் பல்லை இளித்தான்.

உண்மையைச் சொன்னால் கிணறு. சொல்லாவிட்டால் பன்றிக் கொம்பு. பின்னால் பாய்கிற பன்றியின் சத்தம் எப்படிக் கேட்கும் இதற்கு? "வந்துரு" என்று கூப்பிட்டால் எப்படித் தெரியும்? கிணறு என் வீட்டில் இருக்கிறது, அதை நான் காவல் காக்கலாம். காட்டுக்கு நான் போக முடியாது.

"அய்யா, இதுக்குக் காது கேக்காது," என்றேன்.

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

"ஏட்டி, வாய மூடு!" என்றான் அண்ணன்.

"டீச்சரம்மா, நாப்பது வருஷம் மிருகங்களோட இருந்தவன் நான்," என்று சுபேதார் சிரித்தார்.

"அப்பம் அதுக்குப் பின்னால நின்னு விசில் ஊதிப் பாருங்க."

ஊதினார். கன்னம் வீங்க ஊதினார். குட்டி கயிற்றை மென்றது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனால் அந்த மனிதர் நிமிர்ந்து நின்று சொன்னார்: "பாத்தீங்களா, எம்புட்டு அலட்சியம்! ராஜ கம்பீரம்ங்க!" அண்ணன் ஆமா ஆமா என்று தலையாட்டினான். வக்கீலும் மண்ணைத் தட்டிக்கொண்டே தலையாட்டினார். படித்தவர்கள், கோட்டுப் போட்டவர்கள், சம்பளம் வாங்குகிறவர்கள்! செவிட்டுக் குட்டியை வீரன் என்று சொல்லிவிட்டார்கள். இனி வார்த்தையைத் திரும்ப வாங்க முடியாது. அதற்காக அந்த ஐந்தறிவு ஜீவன் சாகலாம்.

தாசில்தார் மட்டும் தலையாட்டவில்லை. மெதுவாகக் குட்டியின் பின்னால் போய், அதன் தலைக்குப் பின்னே இரண்டு கையையும் ஓங்கித் தட்டினார். குட்டி திரும்பவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். "குட்டி சின்னதா இருக்கு. வேட்டைக்கு வேற பாப்போம்," என்று சொல்லிவிட்டுத் தன் நாயையும் பியூனையும் தேடிப் போனார். அங்கே இருந்த ஆண்களில் அவர் ஒருவருக்குத்தான் மூளை இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அண்ணன் முன்னால் விறுவிறுவென்று நடந்தான், திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் ஏறியதும் நேரே கொல்லைக்குப் போனான். கிணற்றடியில் கிடந்த கயிற்றை எடுத்தான். நான் குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவன் எதிரே போய் நின்றேன்.

"போடு அண்ணே. தாராளமாப் போடு. திங்கக்கிழம ஆபீஸ்ல கேப்பாவ. சுபேதார் ஊரு முன்னால ஃபர்ஸ்ட்னு சொன்ன நாய எங்கன்னு கேப்பாவ. என்ன சொல்லுவ? செவிட்டு நாயப் பாத்துப் பாத்து எடுத்தேன், கெணத்துல போட்டுட்டேன்னு சொல்லுவியா?"

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். கயிற்றைச் சுருட்டினான், பிரித்தான்.

"யாரு செவிடுன்னா?" என்றான் கடைசியில். "நல்லாக் கேக்கும். ரோசக்கார நாய். நெனச்சாத்தான் வரும்." கயிற்றை வாளியில் கட்டித் தண்ணீர் இறைக்க ஆரம்பித்தான். எங்கள் வீட்டில் அவன் தண்ணீர் இறைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அப்படி அவனுடைய வீறாப்பு அந்தக் குட்டியைக் காப்பாற்றியது, இரக்கம் இல்லை. நான் கையாலேயே பழக்கினேன். தரையில் இரண்டு தடவை மிதித்தால் அதிர்வு தெரிந்து திரும்பும். கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனால் வா. உள்ளங்கையைக் கவிழ்த்தால் உட்கார். பத்து நாளில் படித்துவிட்டது. சுபேதார் பத்து வருஷத்தில் கற்றுக்கொண்டிருக்க மாட்டார். அண்ணன் மட்டும் வருகிறவர்களிடமெல்லாம் ரோசக்கார நாய் கதையைச் சொல்லிக்கொண்டு, அதன் முதுகைப் பார்த்து இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்தான். மூடன் என்று நான் மனசுக்குள் சொல்லாத நாள் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் பள்ளிக்கூடம் பாதியில் விட்டு, மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். கொல்லைக் கதவு திறந்திருந்தது. கிணற்றுக்கு அந்தப் பக்கம் நாய் முதுகைக் காட்டி நின்றது. இந்தப் பக்கம், மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த அண்ணன், கோட்டில்லாமல். குதிகாலால் தரையை இரண்டு தடவை மிதித்தான். நாய் திரும்பியது. வலது கையை மெதுவாக நெஞ்சுக்குக் கொண்டுபோனான். நாய் பாய்ந்து வந்து அவன் மேல் கால் வைத்தது. அதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து ஏதோ பேசிக்கொண்டிருந்தான்.

அப்போது என்னைப் பார்த்துவிட்டான். சட்டென்று கையை எடுத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி அந்த இங்கிலீஷ் பெயரைச் சொல்லி ஒரு கத்துக் கத்தினான்.

"பாத்தியாட்டி? கூப்பிட்ட ஒடனே வந்துட்டான்."

என் நாக்கு நுனியில் எத்தனையோ வந்து நின்றது.

"ஆமா அண்ணே," என்றேன். "நல்லாத்தான் காது கேக்கு."