வாட்சைப் பார்த்துப் போட்ட மார்க்

எண்பதுகளின் தொடக்கம். பழவேற்காட்டில் இறால் வாங்கி அனுப்பும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. டிப்ளமோ படித்த திமிர் வேறு. லாஞ்சுக்கு அனுபவமுள்ள டிரைவர் ஒருவரைச் சோதித்து எடு என்று முதலாளி சொன்னதும் தலைகால் புரியவில்லை எனக்கு.

முந்தின நாள் சாயங்காலமே ஏரிக்குள் நான்கு கழிகள் நட்டு சிவப்புத் துணி கட்டிவைத்தேன். நாலையும் சுற்றிக் கால் மணியில் கரைக்கு வரவேண்டும். அதுதான் டெஸ்ட்.

முதலில் வந்தவர் பக்கத்துக் குப்பத்துக்காரர். இருபது வருடம் லாஞ்சு ஓட்டியவர். அந்த லாஞ்சை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டதால் ஆறு மாதமாக வேலையில்லை; வீட்டில் நாலு பிள்ளைகள். ஏரியைப் பார்த்ததும் தயங்கினார்.

"சார், அங்க இன்னிக்குப் பாடு கீது. வேற பக்கமா ஓட்டிக் காட்டட்டுமா?"

சாக்கு சொல்கிறார் என்று நினைத்தேன். சொன்னதை மட்டும் செய்யச் சொன்னேன்.

போனவர் பாதியில் இன்ஜினை நிறுத்திவிட்டார். கழி ஊன்றித் தள்ளித் தள்ளியே சுற்றி வந்தார். முக்கால் மணி நேரம்! கரையில் நின்ற அத்தனை பேர் முன்னால், "இருபது வருஷமா இன்னாய்யா கத்துக்கின?" என்று கேட்டேன். என் வாப்பாவைவிட நாலைந்து வயதுதான் சின்னவர். கழியை லாஞ்சிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்தவர் காசிமேட்டில் கடலில் ஓட்டியவர். பன்னிரண்டே நிமிடம். இவர்தான் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

சற்று நேரத்தில் குப்பத்து ஆட்கள் திரண்டு வந்தார்கள். முன்னால் வந்த அம்மா கையில் அறுந்த வலை. ஏரியில் எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை கட்டலாம் என்று ஊர் கூடி முறை வைத்துக் கொடுப்பதுதான் பாடு. என் கொடிகளுக்கு நடுவில் அன்று காலைதான் வலை கட்டியிருக்கிறார்கள். லாஞ்சு அதன்மேலேயே போயிருக்கிறது.

"இந்த ஊர்ல பொறந்தவன் தானே நீ? எங்க முறை இனிமே எப்பப்பா வரும்?" என்றார் அந்த அம்மா.

காசிமேட்டுக்காரரோ, "நீங்கதான சார் நாலையும் கால் மணில சுத்தி வரச் சொன்னீங்க" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. முதலில் வந்தவர் இன்ஜினை ஏன் நிறுத்தினார் என்பது அப்போதுதான் உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் காலை வேலை உத்தரவோடு அந்தக் குப்பத்துக்காரர் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"மறுபடியும் டெஸ்டா சார்?"

குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டார். அந்தப் பயம் நான் கொடுத்தது.

ஒன்பது வருடம் எங்கள் லாஞ்சை ஓட்டினார். அன்று நடந்ததை ஒரு தடவைகூட எடுத்ததில்லை. மன்னிப்புக் கேட்க எத்தனையோ முறை வாய்வரை வந்தும், நான் கேட்கவேயில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்றைக்கும் யாராவது வேலை கேட்டு என் எதிரில் வந்து நின்றால், அவருக்கு என்ன தெரியும் என்று கேட்குமுன், எனக்கு எதுவும் தெரியாமல் போன அந்தக் காலைதான் ஞாபகம் வந்து உடம்பு கூசுகிறது.