மேட்டூர் பைனலுக்குப் போகாத செல்லமுத்து அண்ணன்

செல்லமுத்து அண்ணன் போய்விட்டார். நேற்று சாயங்காலம். இன்று காலை எடுத்தாயிற்று.

சாவு வீட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அழுகை வரவேண்டிய நேரம்... வரவில்லை. ஒரே குழப்பம். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

சங்ககிரி பக்கம் எங்கள் ஊரில் எழுபதுகளில் ஒரு புட்பால் கிளப் இருந்தது. லாரிப் பட்டறையில் வேலை செய்தவர்கள்தான் பிளேயர்கள். பஞ்சர் கடை வைத்திருந்த அண்ணன்தான் கிளப்புக்கு செக்ரட்டரி.

நான் லாரி புக்கிங் ஆபீஸில் இருந்தேன். பந்தைத் தொட்டதில்லை. கத்துவது மட்டும்தான் என் வேலை.

ஜெயித்தால் கத்தலாம் என்று போனால்... ஜெயித்தால்தானே! சேலம், ஆத்தூர், எங்கே டோர்னமெண்ட் நடந்தாலும் முதல் ரவுண்டிலேயே வெளியே வந்துவிடுவோம். போகும்போது லாரியில் ஒரே பாட்டு. வரும்போது யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

அண்ணன் மட்டும், "ஏனப்பா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வாரீங்க? நாமதான அஞ்சு கார்னர் எடுத்தம்!" என்பார். அதற்கும் நாங்கள் கைதட்டுவோம். பைத்தியங்கள்.

இருந்ததே ஒரு பந்து. அதற்குள் இருக்கும் பிளாடருக்கு ஒட்டுப் போடுவதும் அவர்தான். நாங்கள் தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் பந்தில் காற்று இறங்கினால்... ஒட்டு காயவே காயாது.

எதிர் டீம்காரர்கள் வந்து சத்தம் போடுவார்கள். "பசை காயோணுமில்லீங்க... அவசரப்பட்டா ஆகுங்களா?" என்று சாவகாசமாக ஊதிக்கொண்டிருப்பார். இருட்டிவிட்டால் ஆட்டத்தை நிறுத்தித்தானே ஆகவேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம்... மேட்டூர் டோர்னமெண்டில் பைனலுக்கே வந்துவிட்டோம்! எப்படி என்று கேட்காதீர்கள். செமி பைனல் டிரா. டாஸ் போட்டார்கள். எங்கள் பக்கம் விழுந்தது.

அன்றே அண்ணன் கடைச் சுவரில் கப் வைக்க ஒரு பலகை அடித்துவிட்டார். ஒரே ஒரு கப்... எனக்கு அப்போது வாழ்க்கையில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

எதிரே மேட்டூர் கம்பெனி டீம். எல்லார் காலிலும் பூட்ஸ். எங்கள் ஆட்கள் வெறுங்கால். போதாததற்கு எங்கள் கோல்கீப்பர் பழனிச்சாமிக்கு முட்டி வீங்கியிருந்தது. போகலாமா வேண்டாமா என்று பேச்சு கிளம்பியது. கிணறு வெட்டவும் பெண் எடுக்கவும் பூக் கேட்கிற ஊர் எங்களுடையது. புட்பாலுக்கும் கேட்டோம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது என்று நினைத்துக்கொண்டோம். பொட்டலம் கட்டியது அண்ணன்.

பூசாரி மகள் ஒன்றை எடுத்தாள். பிரித்தோம். சிவப்பு.

ஆத்தா சொன்ன பிறகு யார் மீறுவது? சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துத் தயாராக நின்ற லாரி அப்படியே நின்றது. மேட்டூர்காரர்கள் ஆடாமலே கப்பை வாங்கிக்கொண்டார்கள்.

அன்றைக்கு எங்கள் எல்லாரையும்விட அதிகம் அழுதது அண்ணன்தான். துண்டை வாயில் வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி... நான்தான் சோடா வாங்கிக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் கிளப் மெல்லக் கரைந்தது. ஆனால் எப்போது பார்த்தாலும் அண்ணன், "அன்னைக்கு மட்டும் ஆத்தா வெள்ளப் பூ குடுத்திருந்தா கப்பு நம்முளுதுதான் சாமி" என்பார். நானும் "பின்ன என்னங்ணா" என்பேன். இதைச் சொல்லிச் சொல்லியே இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டது.

இன்று காலை பாடை கட்டிக்கொண்டிருக்கும்போது பழனிச்சாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"ஒன்னு சொல்லோணும்டா. இத்தன நாளா யாருகிட்டயும் சொன்னதில்ல. அன்னைக்கு எல்லாரும் போனதுக்கப்புறம் நான் கோயல்லயே உக்காந்து அழுதுட்டிருந்தேன். எடுக்காத பொட்டலம் அங்கயே கெடந்துச்சு. பிரிச்சுப் பாத்தா... அதுலயும் செவப்புதான்."



"அவருகிட்டக் கேக்கலியா?"

"எப்பிடிக் கேக்கறது? என்ற முட்டிக்காகப் பண்ணுனாரோ என்னமோ... ஆமான்னு சொல்லிட்டா நான் எங்க போய் மூஞ்சிய வெக்கறது?"

இவன் முட்டிக்காகவா? பத்து கோல் வாங்கிக்கொண்டு வரவேண்டாம் என்றா? அப்படியானால் அந்த அழுகை? அந்தப் பலகை? இல்லை, பதற்றத்தில் தெரியாமல்தான் அப்படிக் கட்டினாரா?

அதுவும் சொல்வது யார்... பழனிச்சாமி! நேராக நெஞ்சுக்கு வந்த பந்தையே விட்டவன். அழுத கண்ணோடு, கோயில் இருட்டில், பூவின் நிறத்தை மட்டும் சரியாகப் பார்த்திருப்பானா?

கோபப்படுவதா, கும்பிடுவதா... நிஜமாகவே தெரியவில்லை.

கிளம்பும்போது வீட்டை ஒட்டியிருக்கும் பஞ்சர் கடைக்குள் எட்டிப் பார்த்தேன். ட்யூபும் டப்பாவுமாகக் கடை அடைந்து கிடக்கிறது. சுவரில் அந்தப் பலகை மட்டும் காலி.

"அதுல ஒன்னும் வெக்க உடமாட்டாருங்க" என்றார் அவர் மகன்.



போய்ட்டு வாங்கண்ணா. அஞ்சு கார்னர் எடுத்தோம். பைனலில் தோற்கவே இல்லை...