வயிறு கீறாத மீன் தேடி மேட்டூருக்கு

இந்த வலைப்பூவில் வழக்கமாக அருவி, மலைப்பாதை, எந்த ஊரில் பரோட்டா நன்றாக இருக்கும் என்றுதான் எழுதுவேன். இந்த முறை போனது ஒரு செத்த மீனை எடுத்து வர. போன ஆடி மாதம், பதினெட்டாம் பெருக்குக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. மேட்டூர்ப் பக்கம் போவதற்கு வருடத்திலேயே மோசமான நாட்களில் ஒன்று அது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை தேன்மொழி திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மீன்குஞ்சுப் பண்ணையில் ஆராய்ச்சி செய்கிறாள். கருமுழிக் கெண்டை என்று காவிரிக்கே உரிய ஒரு மீன் உண்டு. மேட்டூர் அணையில் ஒரு காலத்தில் வலை நிறைய விழுந்ததாம், இப்போது எப்போதாவது ஒன்று. ஜோடி சேர்த்துக் குஞ்சு எடுக்கலாம் என்றால் ஜோடிக்கு எங்கே போவது? அதனால் ரோகு மீனை வாடகைத் தாயாக்கப் பார்க்கிறாள். ஆண் கருமுழியின் விதைப்பையில் இருந்து மூலச் செல்களைப் பிரித்து, பொரித்துச் சில நாளே ஆன ரோகு குஞ்சின் வயிற்றுக்குள் மெல்லிய கண்ணாடி ஊசியால் விடுவார்கள். அந்த ரோகுவை முட்டையாக இருக்கும்போதே சூடு காட்டி மலடாக்கியிருப்பார்கள். உள்ளே போன செல்கள் ஒட்டிக்கொண்டால், வளர்ந்த பிறகு பெண் ரோகு கருமுழி முட்டை போடும், ஆண் ரோகுவுக்குக் கருமுழி விந்து ஊறும். இரண்டும் சேர்ந்தால் பிறப்பது கருமுழி. முதல் தடவை கேட்டபோது எனக்கும் தலை சுற்றியது.

சிக்கல் என்னவென்றால், குஞ்சுகள் பொரித்த சில நாட்கள் வரைதான் வெளிச் செல்லை ஏற்கும். பிறகு அவற்றின் உடம்பே அதை எதிரியாக நினைத்துக் கொன்றுவிடும். அந்தப் பருவத்தில் இரண்டு முறை குஞ்சு தயாராக இருந்தும் கருமுழி கிடைக்கவில்லை. தொட்டியில் இருந்தது மூன்றாவது ஈடு, அந்த வருடத்துக்குக் கடைசி. இதுவும் போனால் அடுத்த ஆடி வரை காத்திருக்க வேண்டும். தேன்மொழி ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

காலை ஐந்தரைக்கு அணை மீனவர் மாரிமுத்து அண்ணன் கூப்பிட்டார். வலையில் நடுத்தரமாக ஒரு கருமுழி, ஆண் மாதிரிதான் தெரிகிறதாம். தேன்மொழி குஞ்சுத் தொட்டியை விட்டு நகர முடியாது. போர்வெல் போடும் ரிக் வண்டி ஆபீசில் கணக்கு எழுதும் எனக்கு ஞாயிறு விடுமுறை. காரை எடுத்துக்கொண்டே மாரிமுத்து அண்ணனின் மனைவி ராஜாமணி அக்காவிடம் போனில் சொன்னேன்: “அக்கா, நான் கிளம்பிட்டேனுங்க. மீனு கெட்டுப்போகாமப் பாத்துக்குங்க.”

“அதெல்லாம் நான் பாத்துக்கறேன் சாமி. நீங்க பைய வாங்க.”

நான் இயல்பிலேயே பயந்தவன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனையில் இருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். அன்றைக்கு அந்த வார்த்தையைக் கேட்டு நிம்மதியாக வண்டி ஓட்டினேன். பயப்பட வேண்டிய இடத்தில் மட்டும் பயப்படவில்லை.

வழி: திருச்செங்கோடு, சங்ககிரி, எடப்பாடி, மேட்டூர். அங்கிருந்து கொளத்தூர் ரோட்டில் போய் அணைக்கரைக்கு இறங்க வேண்டும். மொத்தம் எழுபது கிலோமீட்டர் சொச்சம். எடப்பாடியில் ஞாயிற்றுக்கிழமையும் தறி ஓடிக்கொண்டிருந்தது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீ, இரண்டு பெட்டி ஐஸ். ஏழரைக்குக் கரையில் இருந்தேன்.

ராஜாமணி அக்கா சிரித்த முகமாகத் தூக்குப் போசியைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தார். உள்ளே மீன் செதில் சீவி, வயிறு கீறி, குடல் எடுத்து, மஞ்சளும் உப்பும் தடவி, குழம்புக்குத் தயாராகப் பளபளவென்று கிடந்தது.

மீனைப் புரட்டி வயிற்றுக்குள் பார்த்தேன். “அக்கா, உள்ள இருந்ததெல்லாம் எங்கீங்க?”

“கொடலுதானுங்க மொதல்ல கெடும். நீங்க அத்தன தூரம் கொண்டு போகோணுமே, அதான் எடுத்துட்டேன். ஏனுங்க, தப்பாப் போச்சுங்களா?”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வெளியூர்க்காரருக்கு மீனைக் கழுவாமல் கொடுப்பது அந்தக் கரையில் மரியாதைக் குறைவு. கெடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னவனும் நான்தான். வயிறு கீறக் கூடாது என்று தேன்மொழி மாரிமுத்து அண்ணனிடம் பத்து முறை சொல்லி வைத்திருந்தாள்தான். ஆனால் அவர் மீனைக் கொடுத்துவிட்டு வலை அலசப் போய்விட்டார், அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. விஷயத்தை நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது.

“அய்யோ சாமி! வாளைக்குத் தூண்டில் போடறதுக்கு தகர டப்பால போட்டு வெச்சேன், எந்த மீனோடதுன்னு கேக்காம அவரு எடுத்துட்டுப் பரிசல்ல போயிட்டாரே!”

அண்ணனின் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. நாங்கள் இருவரும் கரையில் நின்று கத்தினோம். நீர் நிறைந்து கிடந்த அணையில் தூரத்தில் நான்கைந்து பரிசல்கள். எது அவருடையது என்று அக்காவுக்கே தெரியவில்லை. இதற்குள் குடல் முழுவதும் தண்ணீருக்குள் போயிருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. தேன்மொழி இரண்டு முறை கூப்பிட்டாள், நான் எடுக்கவில்லை. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகைதான் வந்தது.

ஒரு மணி நேரம் கழித்து அண்ணன் கரையேறினார். சமாச்சாரம் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டு டப்பாவை நீட்டினார். குடல் எல்லாம் போயிருந்தது. அடியில் கொஞ்சம் தண்ணீரில் வெள்ளையாக இரண்டு பட்டைகள் கிடந்தன.

“இது கொழகொழன்னு இருக்குதுங்க, தூண்டி முள்ளுல நிக்கல. அதான் உட்டுட்டேன்.”

அந்த இரண்டு பட்டைகள்தான் விதைப்பை. தேன்மொழிக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். “கழுவாதண்ணா. தண்ணிய வடிச்சுட்டு, பாலித்தீன்ல கட்டி, துணி சுத்தி ஐஸ் மேல வெய்யி. ஐஸ் நேரா படக்கூடாது” என்றாள்.

திரும்பும் வழியில் மேட்டூரில் கூட்டம். பூங்காவுக்கும் காவிரிக் குளியலுக்கும் வந்த வேன்கள் சாலையை அடைத்து நின்றன. முக்கால் மணி நேரம் அசையவில்லை. மூன்று முறை ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நான்காவது முறை பக்கத்து மினி லாரி டிரைவர் எட்டிப் பார்த்து, “என்னுங்க, பொட்டிக்குள்ள?” என்றார்.

“மீன் விதைங்க. ரோகுக்குள்ள வெச்சுக் கருமுழி பொறக்க வைக்கறதுக்கு.”

அவர் பெட்டியைக் கையால் காட்டினார். “எங்கூட்ல கோழிய வாத்து முட்ட மேல அடைக்கு வெப்பாங்க. அந்த மாதிரிங்களா? அப்ப மூடி வையுங்க, சூடு ஏறும்.” சொல்லிவிட்டுத் தன் வண்டியைப் பின்னுக்கு எடுத்து எனக்கு வழி விட்டார்.

பண்ணைக்குப் போய்ச் சேர மதியம் பன்னிரண்டரை. தேன்மொழி பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வாசலில் நின்றேன். உட்கார முடியவில்லை. அரை மணி நேரம் கழித்து வந்து, “வெளிப்பக்கம் எல்லாம் செத்துருச்சுண்ணா. நடுவுல பாதி உசுரோட இருக்குது” என்றாள். அன்று மாலை வரை குஞ்சு குஞ்சாக ஊசி போட்டாள். இரண்டு வாரம் கழித்து நுண்ணோக்கியில் என்னையும் பார்க்க விட்டாள். செல்களுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றியிருந்ததால் தெரியுமாம். பார்த்த குஞ்சுகளில் மிகச் சிலவற்றின் வயிற்றுக்குள் சிவப்பாக ஒரு புள்ளி இருந்தது. அவ்வளவுதான்.

அந்தக் குஞ்சுகள் இப்போது விரல் நீளம். அவை பருவத்துக்கு வந்து முட்டை போடும் வரை எதுவும் உறுதி இல்லை, அதற்கு இரண்டு வருடமாவது ஆகும். பகலில் கரண்ட் போனால் நான் ஆபீசில் இருந்து, ‘ஜெனரேட்டர் ஓடுதா?’ என்று தேன்மொழிக்குச் செய்தி அனுப்புகிறேன். அவள் திட்டுகிறாள்.

போகிறவர்களுக்கு: ஆடிப் பெருக்கை ஒட்டிய ஞாயிறுகளில் மேட்டூர் வழியைத் தவிருங்கள். காருக்குப் பெட்ரோல் போக வர எண்ணூறு ரூபாய்க்குள் முடியும். ஐஸை எடப்பாடியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், ஞாயிறு காலையில் கரையில் கிடைக்காது. ஆராய்ச்சிக்கோ கல்லூரிப் பாடத்துக்கோ மீன் வேண்டுமென்றால், உரிமம் உள்ள மீனவரிடம், வயிறு கீறாமல் முழு மீனாக வேண்டும் என்று வீட்டில் உள்ள எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். கெடாமல் வையுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ராஜாமணி அக்கா அன்றிலிருந்து எந்த மீனை எடுத்தாலும் கத்தி வைப்பதற்கு முன் எனக்குக் கூப்பிடுகிறார். கட்லாவுக்குக் கூப்பிட்டார். ஜிலேபி மீனுக்குக்கூட. “ஏனுங்க சாமி, இத வெட்டலாமுங்களா?” நான், “வெட்டுங்கக்கா, வெட்டுங்க” என்பேன். நேற்றுக் காலையும் கூப்பிட்டார், ஒரு மிர்கால் மீனுக்கு. ஒவ்வொரு முறை அவர் பெயர் போனில் வரும்போதும் கருமுழியாக இருக்குமோ என்றுதான் எடுக்கிறேன். வெட்டாதீங்க என்று சொல்வதற்கு ஒரு மீன் இன்னும் அந்த வலையில் விழவில்லை.